பதினேழுக்குப் பிறகு பார்க்கலாம்

1

நோர்வேயில் எனக்கு மே மாதம் மூன்று தேதிகளால் ஆனது. எட்டு, பதினேழு, பதினெட்டு. எட்டாம் தேதி, உலகப்போரின் முடிவில் இந்த நாடு ஜெர்மானியரிடமிருந்து விடுபட்ட நாள். வெளிநாட்டுப் போர்களுக்குப் போய்த் திரும்பிய படைவீரர்களின் நாளும் அதுதான். பதினேழு தேசிய நாள். பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள், எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். பதினெட்டு எங்களுடையது, வன்னியில் போர் முடிந்த நாள். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த வருடம் எட்டாம் தேதி ஸ்டைனார் வேலைக்கு வந்து, முழு நாளும் வேலையிலேயே நின்றார். நானும் அவரும் ஒரே வாகனத்தில் போகிறவர்கள். ஒஸ்லோவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பள்ளிக்கூடங்களின் காற்றோட்டத் தொகுதிகளைச் சோதித்துத் திருத்துவது எங்கள் வேலை. அளவெடுப்பதும் அறிக்கை எழுதுவதும் நான். கழற்றுவதும் பூட்டுவதும் அவர். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு இராணுவத்தில் இருந்தவர். வட ஈராக்கில் குர்திஷ் படைகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போன நோர்வேஜியர்களில் ஒருவர். மற்ற வருடங்களில் இந்த நாளில் அரைநாள் விடுப்பு எடுத்து, கோட்டில் பதக்கத்தைக் குத்திக்கொண்டு நகரத்தில் நடக்கும் வைபவத்துக்குப் போய்விடுவார்.

அன்று மத்தியானம் ஸ்ட்ரோம்மனில் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் இருந்து, இந்த நாட்டு வழக்கப்படி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பாண் துண்டுகளைச் சாப்பிட்டோம். வைபவத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இன்னொரு பேச்சைக் கேட்கத் தன்னால் முடியாது என்றார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் இருக்கவில்லை. மறுபடி வைத்தார். பாணில் பாதியைக் கடதாசியில் சுற்றினார்.

அவர் யாருடைய செய்திக்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

2

அசாத் ஒரு மொழிபெயர்ப்பாளன். சிரியாவின் வடகிழக்கைச் சேர்ந்த குர்திஷ்காரன். சண்டைக்குத் தப்பி ஈராக் பக்கம் போயிருந்தபோது நோர்வேஜியர்களின் முகாமில் வேலை கிடைத்தது. ஸ்டைனார் ஆங்கிலத்தில் சொல்வதை அவன் குர்திஷ் மொழியில் சொல்வான். ஸ்டைனாரின் பகிடிகளை மொழிபெயர்க்காமல், “இவர் ஒரு பகிடி விட்டார், தயவுசெய்து சிரியுங்கள்” என்று மட்டும் சொல்வானாம். எல்லோரும் சிரிப்பார்களாம். ஸ்டைனார் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்ததும் சன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

நோர்வேஜியர்கள் வீடு திரும்பினார்கள். அசாத்தும் தன் ஊருக்குத் திரும்பினான். வயதான பெற்றோர் அங்கே இருந்தார்கள், அமெரிக்கர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் இருக்கும்வரை பயமில்லை என்று நினைத்தான். பெற்றோரை அடக்கம் செய்த பிறகும் அங்கேயே இருந்தான். பிறகு அமெரிக்கர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பகுதி வேறொரு படையின் கைக்குப் போனது. வெளிநாட்டுப் படைகளோடு வேலை செய்தவர்கள் யார் யார் என்பது அயலவர் எல்லோருக்கும் தெரியும். அவனைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்துபோனார்கள். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டான்.

அமெரிக்கர்கள் போகத் தொடங்குமுன்பே, போகப்போகிறார்கள் என்ற கதை வந்த உடனேயே, ஸ்டைனார் அவனை நோர்வேக்கு எடுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தார். எந்த அலுவலகத்துக்கு என்று நான் எழுதப்போவதில்லை. உலகத்தில் எந்த நாட்டில் இருந்தாலும் நம்மவர்களுக்கு அப்படி ஓர் அலுவலகத்தைத் தெரியும். விண்ணப்பம் ஓரளவு நகர்ந்தது. பிறகுதான் ஸ்டைனார், நல்ல மனத்தோடு, ஒரு பெரிய பிழையைச் செய்தார்.

போன வருடம் இதே எட்டாம் தேதி ஓர் உள்ளூர்ப் பத்திரிகை அவரைப் பேட்டி கண்டது. பேட்டி வந்தால் விண்ணப்பம் விரைவாக நகரும் என்று நம்பினார். அசாத்தைப் பற்றி அவரால் சொல்லக்கூடிய மிக உயர்ந்த வார்த்தையைச் சொன்னார். ஒருநாள் முகாமுக்குப் பக்கத்தில் தாக்குதல் நடந்தபோது, மொழிபெயர்ப்பாளனான அவன் விழுந்து கிடந்த ஒருவனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றான் என்றார். பத்திரிகை அதைப் பெரிய எழுத்தில் போட்டது. பெயரோடும் படத்தோடும்.

அதன் பிறகு அலுவலகத்திலிருந்து வந்த பதிலில், விண்ணப்பதாரர் ஆயுதம் ஏந்தியவர் என்று தெரியவருவதால் பாதுகாப்பு ஆய்வு தேவைப்படுகிறது என்று இருந்தது. அன்று தொடங்கிய ஆய்வு இன்னும் முடியவில்லை.

நான் உள்ளே வந்தது இதற்குப் பிறகுதான். எனக்குத் தாள்களை ஒழுங்குபடுத்தத் தெரியும். இணைப்புகளுக்கு இலக்கம் போட்டு, எது எதற்கு ஆதாரம் என்று பக்கத்தில் எழுதி, எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். அதற்காக அசாத்தோடு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டோம். அவன் என்னைப் “பொறியியலாளர் அம்மையார்” என்று எழுதுவான். இந்த நாட்டில் பிரதமரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்படி ஒரு மரியாதை எனக்கு இங்கே வேறு யாரிடமும் கிடைத்ததில்லை.

3

அம்மாவின் தம்பி, என் மாமா, நாங்கள் இருக்கும் அதே அம்மருட் அடுக்குமாடியில் இரண்டு மாடி மேலே தனியாக இருக்கிறார். பேருந்துச் சாரதி. ஞாயிறு எங்களோடு சாப்பிடுவார். ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் பத்திரிகைக் கதையைச் சொன்னேன்.

மாமா சோற்றுக் கையோடு அப்படியே நிறுத்தினார். “துவக்குத் தூக்கினவன் எண்டு பேப்பரிலை போட்டவனோ? பேரோடையோ?”

“பேரோடை. படத்தோடை.”

“ஆர், உன்னோடை வேலை செய்யிற அந்த ஆமிக்காரனோ? அவன் அந்தப் பெடியனுக்குச் சிநேகிதனோ, எதிரியோ?”

அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தார். “எங்கடை சனம் பொங்கலுக்கு வெடி கொளுத்தினதைக்கூட விசாரணையிலை சொல்லேல்லை.”

எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அகதி விசாரணைக்குப் போகிறவனுக்கு யாராவது இதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். துவக்கு என்ற சொல் அங்கே புகழ்ச்சி இல்லை. ஸ்டைனாருக்கோ அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. அவர் தன் நாட்டுக்கு உண்மையைச் சொன்னார், நாடு அதைக் கேட்டு நெகிழும் என்று எதிர்பார்த்தார். தன் நாட்டின் முன் இப்படித் துணிந்து உண்மை பேச, அந்த நாட்டில் பிறந்தவனால்தான் முடியும். எங்களால் முடியாது.

மாமாவுக்கு ஸ்டைனாரைப் பிடிக்காமல் போனதற்கு இது மட்டும் காரணம் இல்லை. கிளிநொச்சியில் மாமா ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் வாகனம் ஓட்டியவர். சண்டை நெருங்கியபோது நிறுவனங்கள் எல்லாம் வன்னியை விட்டு வெளியேறின. போகவேண்டாம் என்று சனம் அவர்களின் வாசல்களில் போய் நின்றது. மாமா அன்று காலையில் தன் வாகனத்தைக் கழுவி, டீசல் நிரப்பி, திறப்பைக் கொடுத்தார். பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண், அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள், உள்ளூர்ப் பணியாளர்களுக்கான அனுமதி வந்துகொண்டிருக்கிறது, நாங்கள் ஆள் அனுப்புவோம் என்றார். மன்னார்ப் பக்கம் மாமியின் தமையன் படகோடு நின்றான். இந்தியாவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டான். மாமா போகவில்லை. சொல்லிப்போட்டுப் போனவையல்லோ என்று இருந்தார்.

மாமியும் அவர்களுடைய ஒரே பிள்ளையான சின்னவனும் அடுத்த வருடத்து வைகாசியைத் தாண்டவில்லை.

இதை மாமா ஒருபோதும் கோர்வையாகச் சொன்னதில்லை. பதினான்கு வயதில் அப்பா எடுப்பித்து நான் ஒஸ்லோவுக்கு வந்திறங்கியபோது, அவர்கள் வன்னிக்குள்ளேயே இருந்தார்கள். நான் இங்கே நோர்வேஜிய எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். துண்டு துண்டாகக் கேட்டு நான்தான் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் உடனே சொல்வார். “அழுதவ. எல்லாரும் அழுவினம். அழுதுபோட்டு வாகனத்திலை ஏறுவினம்.”

4

ஸ்டைனார் மீது எனக்கும் எரிச்சல் இருக்கிறது. என் எரிச்சல் மாமாவுடையதைப் போன்றது இல்லை.

வாகனத்தில் போகும்போது அவர் பேசுவார். உத்தரவு போட்டவன் நான் இல்லை, ஆனால் கை கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறியவன் நான்தான் என்பார். எல்லோரும் அது உன் தவறில்லை என்று சொல்கிறார்கள், அதைக் கேட்கும்போதுதான் அடிக்க வேண்டும் போல் இருக்கிறது என்பார். கூடப் போன ஒருவர் இப்போது யாரோடும் கதைப்பதில்லை, இன்னொருவர் பதக்கத்தை அஞ்சலில் திருப்பி அனுப்பிவிட்டார் என்பார். எல்லாம் உண்மை. இரவில் அவருக்கு நித்திரை இல்லை என்பதும் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் படைவீரர்களின் வேதனைக்கு இந்த நாட்டில் ஒரு நாள் இருக்கிறது. அழைத்துப் பேசத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. கோப்பி குடித்துக் கதைக்க ஓர் இடம் இருக்கிறது. மந்திரியின் பேச்சு இருக்கிறது. அசாத்திடம் மின்சாரம் வரும்போது சார்ஜ் ஏற்றுகிற ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. ஸ்டைனார் தன் காயத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஆபத்தில் இருப்பவன் எவன் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது கல்நெஞ்சு என்று எனக்கே சில வேளை தோன்றும். இருந்தாலும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. ஒவ்வொரு காலையும் வாகனத்தைக் கிளப்புமுன் ஸ்டைனார் அசாத்துக்கு ஒரு செய்தி அனுப்புவார். வேலை நடக்கிறது, நம்பிக்கையோடு இரு, இடம் மாறாதே, நாடு மாறினால் விண்ணப்பம் முதலில் இருந்து தொடங்கவேண்டி வரும். அலுவலகத்துத் தொலைபேசிக் குரல் ஒன்று அவருக்கு அப்படிச் சொல்லியிருந்தது. அசாத் ஒரு பெருவிரல் படத்தைத் திருப்பி அனுப்புவான். மே தொடங்கியதிலிருந்து அந்தப் பெருவிரலும் வரவில்லை.

நோர்வேயின் மே மாதத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மே முதலாம் தேதி விடுமுறை. இடையில் ஒரு வியாழக்கிழமை இயேசு விண்ணேறிய நாள் என்று விடுமுறை. வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்து மலைக்குடிலுக்குப் போய்விடுவார்கள். பிறகு பதினேழு. பிறகு இன்னொரு நீண்ட வார இறுதி. நான் அலுவலகத்துக்கு அழைத்தபோது பேசியவள் மிக இனிமையானவள். வழக்கு கையாளப்படுகிறது என்றாள். கையாள்பவர் பதினேழுக்குப் பிறகுதான் வருவார், அப்போது பார்க்கலாம் என்றாள். நல்ல வெயில் நாட்கள் கிடைக்கட்டும் என்று வாழ்த்தித் தொலைபேசியை வைத்தாள். திட்டுவதற்கு ஒரு ஆள்கூட அகப்படாத அலுவலகம் அது.

5

எட்டுக்கு அடுத்த நாள், சனிக்கிழமை, எங்கள் அடுக்குமாடியில் டுக்னாட். நம்மூர்ச் சிரமதானம் போன்றது. பதினேழாம் தேதிக்கு முன் வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று குடியிருப்பவர்கள் எல்லோரும் இறங்கிக் குளிர்காலத்துச் சரளைக்கல்லைக் கூட்டி, காய்ந்த கொப்புகளை அள்ளுவார்கள். கடைசியில் இறைச்சிச் சொசேச் சுட்டுத் தருவார்கள். குப்பையை ஏற்றக் காருக்குப் பின்னால் பூட்டும் இழுவைப்பெட்டி வைத்திருக்கும் ஒருவர் தேவைப்பட்டது. ஸ்டைனாரிடம் இருந்தது. கேட்டவுடன் வந்துவிட்டார்.

மாமா விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அவரைத் தூரத்திலிருந்து அளந்தார். “உவனோ உன்ரை ஆமிக்காரன்? ஆள் நல்லாத் தளர்ந்துபோனான்.”

என் தங்கை அபியும் நின்றாள். இங்கே பிறந்தவள். பதினேழு வயது. இந்த நாட்டில் பெண்களையும் இராணுவச் சேவைக்கு அழைக்கிறார்கள், அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அவள் போக விரும்புகிறாள். அது தெரிந்த நாளிலிருந்து மாமா அவளைக் கப்டன் என்றுதான் கூப்பிடுகிறார். “கப்டன், அந்த வாளியை இஞ்சாலை தூக்கும்” என்றார். அவள் நோர்வேஜிய மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், திருப்பிச் சொல்ல வராது. கோபம் வந்தால் ஒரு சொல்லும் வராது.

அவள் ஸ்டைனாரிடம் போய், மறுபடி அனுப்பினால் போவீர்களா என்று நேராகக் கேட்டாள். அவர் கொப்புகளை ஏற்றிக்கொண்டே, போவேன், ஆனால் யாருக்கும் என் பெயரைச் சொல்லமாட்டேன் என்றார். அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பெயர் தெரிந்தால் யாராவது அவரை நம்பிக் காத்திருப்பார்கள்.

அப்போதுதான் அசாத்தின் செய்தி வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்.

அசாத்தின் மனைவியின் தமையன் வெங்காயம் ஏற்றும் லொறி ஓட்டுகிறான். அவனுக்கு எல்லையான ஆற்றைக் கடந்து ஈராக்கின் குர்திஷ் பக்கம் போய்வர அனுமதி இருக்கிறது. வரும் வியாழக்கிழமைப் பயணத்தில் அசாத்தின் குடும்பத்தையும் சேர்த்து எழுத அங்கே ஒரு அதிகாரி ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த அதிகாரி அதற்குப் பிறகு மாறிப் போகிறார். பெயர்களை இன்று கொடுக்க வேண்டும். கடைசி வரியில் ஸ்டைனாரிடம் ஒரு கேள்வி இருந்தது. நீ எனக்கு இடம் மாறாதே என்றாய். இப்போது என்ன சொல்கிறாய்?

ஸ்டைனார் கையுறையைக் கழற்றினார். பதில் எழுதத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பதினேழுக்குப் பிறகு கையாள்பவர் வந்துவிடுவார், இன்னும் ஒரு கிழமை மட்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அது பொய் என்று தோன்றவில்லை. ஆற்றைக் கடந்தால் எல்லாம் முதலில் இருந்து, இவ்வளவு நாள் உழைப்பும் போய்விடும் என்றுதான் பயந்தார். பாதுகாப்பு ஆய்வு ஒரு கிழமையில் முடியும் என்று அவரைத் தவிர யாரும் நம்பமாட்டார்கள்.

அனுப்பவேண்டாம் என்றேன். அவர் கை நின்றது.

மாமா விளக்குமாற்றோடு வந்துவிட்டார். “என்னவாம்?” என்றார். சொன்னேன். அவர் ஸ்டைனாரைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

“விட்டிட்டுப் போறது ஒரு விசயம். அது நடக்கிறதுதான். போனவையிலை எனக்குக் கோவமில்லை. போகேக்கை பொறு எண்டு சொல்லிப்போட்டுப் போனாவே, அவவிலைதான் கோவம். அவ சொல்லாட்டில் நான் அண்டைக்கே வெளிக்கிட்டிருப்பன். என்ரை பெஞ்சாதி பிள்ளை இப்ப இஞ்சை நிண்டிருக்கும். இதை உவனுக்குச் சொல்லு.”

நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மாமாவின் அனுபவத்தில் காத்திருப்பது நல்லதில்லை என்று அவர் நினைக்கிறார் என்று சொன்னேன். என் வாய் தானாகவே அதை அப்படிச் சுருட்டி எடுத்தது. சனிக்கிழமை வெயில், சொசேச் மணம், அயலவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கும் வளவு. அங்கே நின்று மற்றதைச் சொல்ல எனக்கு மொழி வரவில்லை.

மாமா பத்து வருடத்துக்கு மேலாகப் பேருந்து ஓட்டுகிறார். நான் சொன்ன நோர்வேஜிய மொழி அவருக்கு விளங்கிவிட்டது.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை, பிள்ளை. முழுசாச் சொல்லு.”

முழுவதையும் சொன்னேன். பெண்சாதி, பிள்ளை என்ற இடமும் உட்பட. அபி வாளியை நிலத்தில் வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். இதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறாள். எங்கள் வீட்டில் அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

மாமா தன்னுடைய பேருந்து நோர்வேஜிய மொழியில், இறங்க மறுக்கிற பயணியிடம் சொல்வதுபோல, ஸ்டைனாரிடம் நேரே சொன்னார். “நீ வரமாட்டாய். அதை அவனுக்குச் சொல்லு.”

ஸ்டைனார் எழுதியதை அழித்தார். தன் காருக்குள் போய் ஏறி, கதவைச் சாத்தினார். கண்ணாடிக்குள்ளே அவர் தொலைபேசியைக் காதில் வைத்திருப்பது தெரிந்தது. அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. மாமா திரும்பிப் போய்ச் சரளைக்கல்லைக் கூட்டத் தொடங்கினார். அபி கேட்காமலே போய் அவர் கூட்டியதை அள்ளினாள். கப்டன் என்று மாமா கூப்பிடவில்லை.

ஸ்டைனார் இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“எங்களை எதிர்பார்க்காதே, போ என்றேன். நாங்கள் வரப்போவதில்லை என்றேன்.”

“அவன்?”

“கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, இதைச் சொல்ல உனக்கு ஒரு வருடம் வேண்டியிருந்ததா என்றான். வைத்துவிட்டான்.”

மிச்சக் கொப்புகளை ஏற்றிக் கட்டினார். சொசேச் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

6

வியாழன் விடுமுறை. இயேசு விண்ணேறினார், நோர்வேஜியர்கள் மலையேறினார்கள். அசாத்தின் லொறி புறப்பட்டதா, அந்த அதிகாரி சொன்ன சொல்லில் நின்றாரா, ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை என்று காட்டியது. வெள்ளி அனுப்பியதும் அப்படியே. ஸ்டைனாரின் இலக்கத்தை அசாத் தடுத்துவிட்டான் போலும், அவருடைய செய்திகளுக்குப் பக்கத்திலுள்ள ஒற்றைக் குறி மாறவே இல்லை. அழைத்தால் மணி போகாமலே வெட்டுப்பட்டது. செத்தவனின் தொலைபேசியும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு எழுதியிருந்தார்.

பதினேழாம் தேதி அபி பள்ளிக்கூட வாத்தியக் குழுவோடு ஊர்வலத்தில் எக்காளம் ஊதினாள். நாங்கள் வேலியோரம் நின்று கொடி அசைத்தோம். அம்மா பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டிருந்தார். தெரியாதவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த நாள் அது. பொய் சொல்லக்கூடாது. இந்த வருடம் வாழ்த்துச் சொன்ன ஒவ்வொருவரிடமும், அந்த அலுவலகத்தில் வேலை செய்யும் உங்கள் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும் போல் இருந்தது.

7

பதினெட்டு மாலை, ஒரு மண்டபத்தில் நாங்கள் கூடினோம். போரின் கடைசி நாட்களின் நினைவாக வாசலில் பேப்பர் கோப்பையில் கஞ்சி தந்தார்கள். மாமா ஒவ்வொரு வருடமும்போல இரண்டு சுட்டி விளக்கு ஏற்றிவிட்டு, பின்வரிசையில் போய் இருந்தார். அபி அவரோடு வந்திருந்தாள். வழக்கமாக அன்று அவளுக்குப் பரீட்சை இருக்கும், தலையிடி இருக்கும். இந்தமுறை ஒன்றும் இருக்கவில்லை. மாமா அவளிடம் ஒரு சுட்டியைக் கொடுத்து, “சின்னவனுக்கு நீ ஏத்து” என்றார்.

பேச்சுகள் நடந்துகொண்டிருந்தபோது என் தொலைபேசி அதிர்ந்தது. ஒரு படம். தகரக் கூரை ஒன்றின் கீழே இரண்டு சிறுமிகள், முழங்கை அளவு பாணைப் பிய்த்துக்கொண்டு. பின்னால் வெங்காயச் சாக்குகள். கீழே அசாத் எழுதியிருந்தான். வியாழக்கிழமை கடந்துவிட்டோம், பொறியியலாளர் அம்மையார். நான்கு பேரும். புதிய இலக்கம் இது. ஸ்டைனாருக்கு இப்போது சொல்லவேண்டாம். அவன் கொஞ்சம் காத்திருந்து பார்க்கட்டும்.

மண்டபத்துக்கு வெளியே போய் நின்று அதை மறுபடி வாசித்தேன். மாமா பின்னால் வந்தார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். சின்னப் பிள்ளையின் சப்பாத்து இடமும் வலமும் மாறிப் போட்டிருக்கிறது என்றார். பிறகு செய்தியையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“நியாயம்தான். சொல்லாதை” என்றார். “ஒரு மாதம் கிடந்து பாக்கட்டும்.”

“மாமா, அந்த மனிசன் நித்திரை கொள்ளுறேல்லை.”

“நானும்தான் கொள்ளுறேல்லை. எனக்கு ஆர் ரெலிபோன் எடுத்துச் சொன்னது?”

உள்ளே போனோம். அசாத்துக்கு, புதன்கிழமைவரை சொல்லமாட்டேன், அதற்குமேல் என்னால் முடியாது என்று எழுதினேன். அவன் பதிலுக்குப் பெருவிரலை அனுப்பினான்.

செவ்வாய் முழுவதும் ஸ்டைனாரோடு ஒரே வாகனத்தில் இருந்தேன். அவர் வீதியில் இருக்கும்போதும் தொலைபேசியைப் பார்த்தார். ஏணியில் நிற்கும்போதும் பார்த்தார். வடிகட்டியைத் தலைகீழாகப் பூட்டினார். நான் சொல்லாமல், கழற்றித் திருப்பிப் பூட்டினேன். அவர் செய்தது சரி, சொன்னது சரி. பிந்திச் செய்தார், அவ்வளவுதான். அந்தப் பிந்தலுக்கு என்ன விலை என்று தீர்மானிக்க நான் யார்? ஆனால் அசாத் அதைத் தீர்மானித்திருந்தான். அவனுக்கு உரிமை இருந்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சைக் கொண்டுபோகிறவளாக என்னை ஆக்கிவிட்டார்கள். அந்த வேலை எவ்வளவு எரிச்சலானது என்று இப்போதுதான் தெரிகிறது. அசாத் அதைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் செய்திருக்கிறான்.

8

புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் விசிறி அறையில் சொன்னேன். சத்தம் இருக்கக்கூடாது என்று முதலில் விசிறியை நிறுத்தினேன்.

“அசாத் ஆற்றைக் கடந்துவிட்டான். நாலு பேரும்.”

அவர் வடிகட்டிப் பெட்டியின்மேல் இருந்தார்.

“எப்போது?”

“வியாழன் கடந்திருக்கிறான். எனக்குத் திங்கள் சொன்னான். உனக்கு உடனே சொல்லவேண்டாம் என்றான்.”

நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் நீதான். அன்று அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் உதவியது.

அவர் தலையாட்டினார். ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. “நீ இன்னும் கொஞ்ச நாள் சொல்லாமல் வைத்திருந்திருக்கலாம்” என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தண்டனையைக் கேட்டு வாங்குவதும் ஒருவிதத்தில் தன்னைப் பற்றியே நினைப்பதுதான். அவர் எவ்வளவு வருந்தினாலும் அந்தத் தகரக் கூரைக்கு ஒரு சுவர்கூட ஏறப்போவதில்லை. சொன்னேன். அங்கே அவனுக்கு வேலை இல்லை, தங்க அனுமதி சில மாதத்துக்குத்தான், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இந்தப் பக்கத்து விண்ணப்பம் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இன்று காலையும் அழைத்துக் கேட்டேன், கையாள்பவர் விடுமுறையை நீட்டியிருக்கிறாராம். வருந்துவதற்குப் பிறகு நேரம் இருக்கும் என்றேன். நான் இவ்வளவு சத்தமாகக் கதைத்து அவர் கேட்டதில்லை.

“நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

“அதை அவனிடம்தான் கேட்க வேண்டும். அவன் உன்னோடு கதைக்கிற நாளில்.”

“அதுவரைக்கும்?”

அதற்கு என்னிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அந்தப் பெண் மாமாவுக்குச் சொல்லிவிட்டுப் போன சொல். நான் அதைச் சொல்லவில்லை. புதிய வடிகட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுந்து, அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பார்த்து, பூட்டத் தொடங்கினார்.